கோட்டைக்கு வந்த குடும்பங்கள்: செரோக்கி நாட்டில் ஃபோர்ட் கிப்சன்

1830ஆம் ஆண்டு ஜூலை மாதம். டென்னசி மாநில ஆளுநர் பதவியை முந்தைய ஆண்டுதான் உதறிவிட்டு வந்திருந்த சாம் ஹூஸ்டன், கிப்சன் ராணுவ முகாமின் தளபதி கர்னல் மாத்யூ ஆர்பக்கிளுக்கு ஒரு கடிதம் எழுதினார். தன் பெயருக்கு ஒன்பது பீப்பாய் மது படகில் வருகிறது என்பது செய்தி. விஸ்கி, பிராந்தி, ஜின், ரம், ஒயின் என்று எல்லா வகையும் அதில் இருந்தன. பழங்குடியினர் நிலத்தில் வாணிபம் செய்ய வேண்டுமானால் அமெரிக்க அரசின் உரிமம் வேண்டும். ஹூஸ்டன் அதை வாங்க மறுத்தார். 1829 அக்டோபரில் செரோக்கிகள் தனக்குக் குடியுரிமை கொடுத்துவிட்டார்கள், தான் இப்போது செரோக்கி குடிமகன், தன் நாட்டில் கடை போட வாஷிங்டனின் அனுமதி எதற்கு என்பது அவர் வாதம். வாஷிங்டன் ஒப்புக்கொள்ளவில்லை. உரிமம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றது.

ஒரு குடிகாரரின் சட்ட விளையாட்டு என்று இதைச் சிரித்துத் தள்ளிவிடலாம். ஹூஸ்டன் அந்த நாட்களில் நன்றாகவே குடித்தார் என்பதும் உண்மை. ஆனாலும் அந்தக் கடிதம் கிளப்பிய கேள்வி அதன் பின் கிட்டத்தட்ட இருநூறு ஆண்டுகளாக அந்த ஊரை விடவில்லை. இந்த மண்ணில் யார் வீட்டுக்காரர், யார் விருந்தாளி? ஃபோர்ட் கிப்சனின் முதல் குடும்பங்களைப் பற்றிய இந்த உரை அந்தக் கேள்வியின் வழியாகவே செல்கிறது.

எல்லைப்புறக் கோட்டை என்றதும் தமிழ் வாசகர் மனதில் எழும் படம் பெரும்பாலும் சிவகாசி தந்தது. லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் குதிரையில் வருவார். மரக் கோட்டை இருக்கும். வெளியே செவ்விந்தியர், உள்ளே நீலச் சீருடைச் சிப்பாய்கள். கோட்டையைச் சுற்றி வெள்ளையர் குடியேறி ஊர் வளரும். ஃபோர்ட் கிப்சனில் மரக் கோட்டை இருந்தது, நீலச் சீருடை இருந்தது. மற்றதெல்லாம் தலைகீழ். இங்கே வெள்ளையர் குடியேற அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். மனை வாங்க முடியாது. உள்ளூர்ப் பெண்ணை மணக்க உள்ளூர் அலுவலகத்தில் விண்ணப்பம் போட வேண்டும். கோட்டையே இரவல் நிலத்தில்தான் நின்றது.

இடத்தைப் பார்ப்போம். இன்றைய ஓக்லஹோமாவின் கிழக்குப் பகுதியில் அர்க்கன்சா, வெர்டிக்ரிஸ், கிராண்ட் என்ற மூன்று ஆறுகள் அருகருகே கூடுகின்றன. கிராண்ட் ஆற்றுக்கு நியோஷோ என்றும் பெயர் உண்டு. கோட்டைக்கு முன்பே இங்கே வணிகர்கள் வந்துவிட்டார்கள். லூயிஸ் – கிளார்க் பயணத்தில் சார்ஜென்டாக இருந்த நதானியல் பிரையர் வெர்டிக்ரிஸ் கரையில் கடை வைத்திருந்தார். செயின்ட் லூயிஸின் பெரிய தோல் வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த ஆகஸ்ட் பியர் ஷூட்டோ, ஓசேஜ் மக்களோடு உறவுகொண்டு, உப்பூற்றுக்குப் பக்கத்தில் ஒரு ஜமீன்தாரைப்போல வாழ்ந்தார். நிலம் அப்போது ஓசேஜ் மக்களுடையது.

செரோக்கிகள் வந்த கதை வேறு. அவர்களது பூர்விகம் கிழக்கே ஜார்ஜியா, டென்னசி, கரோலினா மலைகள். வெள்ளையரின் நெருக்கடி தாங்காமல் ஒரு பகுதியினர் முன்னதாகவே மிசிசிப்பியைத் தாண்டி அர்க்கன்சா பகுதிக்கு வந்தார்கள். அங்கிருந்த ஓசேஜ் மக்களுடன் வேட்டைக்காடு யாருக்கு என்று மோதல். 1817இல் ஓசேஜ் ஆண்கள் வேட்டைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, செரோக்கிகளும் கூட்டாளிகளும் கிளேர்மோர் மேட்டுக் கிராமத்தைத் தாக்கினார்கள். செத்தவர்களில் பெண்களும் முதியவர்களும் குழந்தைகளுமே அதிகம். பழங்குடி என்றாலே பாதிக்கப்பட்டவர் மட்டும்தான் என்ற எளிய கணக்கு இந்த வரலாற்றில் முதல் பக்கத்திலேயே உடைந்துவிடுகிறது.

இந்த இரு தரப்பையும் பிரித்து வைக்கத்தான் 1824 ஏப்ரலில் ஆர்பக்கிள் 7ஆவது காலாட்படையோடு ஃபோர்ட் ஸ்மித்திலிருந்து மேலேறி வந்து, கிராண்ட் ஆற்றங்கரையில் முகாம் போட்டார். ராணுவத்தின் உணவு வழங்கல் தலைவர் ஜார்ஜ் கிப்சனின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. இடத் தேர்வு மோசம். ஆற்றுப்படுகையின் தாழ்வான சேற்று நிலம். வெள்ளம் வந்தால் உள்ளே தண்ணீர், வெயில் வந்தால் கொசு. காய்ச்சலில் சிப்பாய்கள் வரிசையாகச் செத்தார்கள். எல்லைப்புறத்தின் பிணக்கிடங்கு என்று ராணுவத்துக்குள்ளேயே பெயர் விழுந்தது.

1828 ஒப்பந்தத்தில் மேற்குச் செரோக்கிகள் அர்க்கன்சாவை விட்டுக்கொடுத்து, கோட்டை இருக்கும் இந்த நிலத்தைப் பெற்றார்கள். அந்த நாள் முதல் கோட்டை செரோக்கி நாட்டுக்குள் இருக்கும் ஒரு விலக்கு. 1835 ஒப்பந்தம் இதைத் துலக்கமாக எழுதியும் வைத்தது: ராணுவம் இந்தக் கோட்டையைக் கைவிட்டால் நிலம் செரோக்கி நாட்டுக்கே திரும்ப வேண்டும்.

அப்படி முதலில் வந்த செரோக்கிக் குடும்பங்களில் ரோஜர்ஸ் குடும்பத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தந்தை ஜான் ரோஜர்ஸ், ஸ்காட்லாந்து வழி வந்த வெள்ளைக்காரர். தாய்வழியில் பிள்ளைகள் செரோக்கிகள். செரோக்கிகளிடம் குலம் தாய்வழி. ஏழு குலங்களில் தாய் எதுவோ பிள்ளையும் அதுவே. தகப்பன் வெள்ளையனாக இருந்தாலும் பிள்ளை முழுச் செரோக்கிதான். எல்லைப்புற வணிகர்கள் செரோக்கிப் பெண்களை மணந்ததில் காதல் எவ்வளவு, கணக்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. மனைவி வழியாகத்தான் நிலம், உறவு, பாதுகாப்பு எல்லாம் வந்தன.

இந்த வீட்டுப் பெண் டயானா ரோஜர்ஸ். டியானா என்றும் எழுதுவார்கள். ஏற்கனவே ஜென்ட்ரி என்பவரை மணந்திருந்தவர். ஹூஸ்டன் செரோக்கி வழக்கப்படி இவரை மணந்துகொண்டு, கோட்டைக்குச் சில மைல் தள்ளி நியோஷோ கரையில் ஒரு மரவீடும் கடையும் வைத்தார். ‘விக்வாம் நியோஷோ’ என்று அதற்கு அவரே பெயர் சூட்டினார். இளவயதில் அவரை மகனாக ஏற்றிருந்த ஊலூட்டேகா – ஆங்கிலத்தில் ஜான் ஜாலி – அப்போது மேற்குச் செரோக்கிகளின் தலைவர். குடியுரிமை அந்த உறவில் வந்தது. 1832இன் கடைசியில் ஹூஸ்டன் டெக்சாசுக்குக் கிளம்பியபோது வீடு டயானாவிடமே நின்றது. செரோக்கிப் பெண்ணின் சொத்து அவளுடையது, கணவன் போனால் போகட்டும். அதே காலத்தில் அமெரிக்க மாநிலங்களில் மணமான பெண்ணின் சொத்து பெரும்பாலும் கணவன் கைக்குத்தான் போனது. டயானா மறுபடி மணந்து 1838இல் இறந்தார். ஹூஸ்டன் டெக்சாஸ் குடியரசின் அதிபரானார்.

1904இல் டயானாவின் எச்சம் என்று கருதப்பட்டதைத் தோண்டி எடுத்து, ஃபோர்ட் கிப்சன் தேசிய இடுகாட்டில் அதிகாரிகளுக்குரிய வட்டத்தில் புதைத்தார்கள். கல்லில் ‘தலஹினா ஆர்., ஜெனரல் சாம் ஹூஸ்டனின் மனைவி’ என்று வெட்டியிருக்கிறது. தலஹினா என்ற பெயர் அவருடையதே அல்ல என்கிறார்கள் ஆய்வாளர்கள். உள்ளே இருக்கும் எலும்பு அவருடையதுதானா என்பதிலும் சந்தேகம் உண்டு. பிழையில்லாமல் இருப்பது கணவன் பெயர் ஒன்றுதான்.

கோட்டைக்குள் வந்துபோனவர்களின் பட்டியல் பெரிது. 1832 அக்டோபரில் எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங் வந்து, புல்வெளிப் பயணம் பற்றிப் புத்தகம் எழுதினார். 1834இல் ஓவியர் ஜார்ஜ் காட்லின் வந்தார். பின்னாளில் உள்நாட்டுப் போரில் தெற்கு அணியின் தலைவரான ஜெஃபர்சன் டேவிஸ் இங்கே இளநிலை அதிகாரி. அமெரிக்கச் சுதந்திரப் போரில் சண்டையிட்டு, வடகரோலினா ஆளுநராக இருந்து, முதிய வயதில் பழங்குடி விவகார ஆணையராக அனுப்பப்பட்ட மான்ட்ஃபோர்ட் ஸ்டோக்ஸ் 1842இல் இங்கேயே கண்மூடினார். ஷூட்டோவும் 1838 டிசம்பரில் இங்கேதான் போனார், கழுத்துவரை கடனோடு. புகழ்பெற்றவர்களைப் பற்றி எல்லா நூல்களிலும் இருக்கிறது. அவர்களின் துணியை வெளுத்தவர்களைப் பற்றி அரை வரி கிடைப்பது கடினம். ஒரு கம்பெனிக்கு நான்கு சலவைப் பெண்கள் என்று ராணுவ விதி இருந்தது. அவர்களுக்குச் சிப்பாய்களைப்போலவே ரேஷன் உண்டு. கோட்டை மதிலோரம் குடிசை போட்டு முதலில் குடும்பமாக வாழ்ந்தவர்களில் அவர்களும் அடக்கம்.

1838–39இல் எல்லாம் மாறியது. கிழக்கே மிச்சமிருந்த செரோக்கிகளை அமெரிக்க ராணுவம் துப்பாக்கி முனையில் கிளப்பி அனுப்பியது. கண்ணீர்த் தடம் என்று வரலாறு சொல்லும் அந்தப் பயணத்தில் கிளம்பியவர்கள் ஏறத்தாழ 16,000 பேர். செத்தவர்கள் சுமார் 4,000 பேர் என்பது வழக்கமான மதிப்பீடு. கிழக்குச் செரோக்கிகளின் தலைவர் ஜான் ராஸின் மனைவி குவாட்டி, 1839 பிப்ரவரியில் லிட்டில் ராக் ஊரில் இறந்தார்.

வந்து சேர்ந்தவர்களுக்கு ஓராண்டு உணவு தர அமெரிக்க அரசு கடமைப்பட்டிருந்தது. ஒப்பந்தக்காரர்கள் எடையில் கைவைத்தார்கள். கெட்டுப்போன இறைச்சி, பூச்சி அரித்த மாவு, குறைந்த அளவு. விசாரிக்க 1841இல் மேஜர் ஈதன் ஆலன் ஹிட்ச்காக் வந்தார். ஃபோர்ட் கிப்சனிலும் செரோக்கித் தலைநகர் தாலக்வாவிலும் அலைந்து, சாட்சி கேட்டு, லஞ்சம், பொய்க் கணக்கு, போலி ரசீது எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். போர்த்துறை அறிக்கையை நாடாளுமன்றத்துக்குக் கொடுக்க மறுத்தது. அதன் பிறகு அதைப் பார்த்தவர் இல்லை. அவருடைய நாட்குறிப்பு மட்டும் தப்பி, 1930இல் அச்சேறியது. விசாரணை அறிக்கை காணாமல் போகும் கலை எந்த ஒரு நாட்டுக்கும் சொந்தமல்ல.

இப்போது செரோக்கிகளே இரண்டு பிரிவு. முன்னால் வந்தவர்கள் ‘பழைய குடியேறிகள்’. பின்னால் துரத்தப்பட்டு வந்தவர்கள் எண்ணிக்கையில் அதிகம், ஆட்சியும் தங்களுக்கே என்றார்கள். கிழக்கு நிலத்தை எழுதிக்கொடுத்த அந்த 1835 ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட மேஜர் ரிட்ஜ், ஜான் ரிட்ஜ், எலியாஸ் புடினோ மூவரும் 1839 ஜூன் 22 அன்று ஒரே நாளில் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆறேழு ஆண்டுகள் பங்காளிச் சண்டை. 1846 ஒப்பந்தம் பழைய குடியேறிகளுக்கு மூன்றில் ஒரு பங்கு உரிமை என்று தீர்த்தது. அந்தப் பங்கைப் பிரிக்க 1851இல் பெயர்ப் பட்டியல் எடுத்தார்கள். பூர்வக்குடியேறி என்ற தகுதி பெருமைப் பேச்சிலிருந்து பணப் பட்டுவாடாவுக்கு நகர்ந்தது அங்கேதான்.

செரோக்கிகளோடு நடந்து வந்த இன்னொரு கூட்டம் உண்டு. அவர்களைப் பற்றிப் பேசாமல் இந்த ஊரின் குடும்பக் கதையைச் சொல்வது நேர்மையாகாது. செரோக்கிச் செல்வந்தர்கள் கறுப்பின அடிமைகளை வைத்திருந்தார்கள். 1860இல் அந்த எண்ணிக்கை சுமார் 2,500. ஜோசப் வான் அவர்களில் பெரும் பணக்காரர். ஜார்ஜியாவில் இருந்த அவரது செங்கல் மாளிகையை வெள்ளையர் பறித்துக்கொண்டதால் மேற்கே வந்து, கோட்டைக்குத் தெற்கே அர்க்கன்சா ஆற்றோரம் வெப்பர்ஸ் ஃபால்ஸில் பண்ணை போட்டார். பறிகொடுத்தவர் பறித்த உழைப்பில் மறுபடி எழுந்தார் என்பதுதான் அந்தக் காலத்தின் கசப்பு.

1842 நவம்பர் 15 விடியலில் அவரது பண்ணையில் வேலை வாங்கப்பட்டவர்கள், மேலாளர்கள் தூங்கும் வீட்டை வெளியே பூட்டிவிட்டு, துப்பாக்கி, குதிரை, உணவுப் பொருள்களோடு மெக்சிகோவை நோக்கிக் கிளம்பினார்கள். வழியில் க்ரீக் நாட்டு அடிமைகள் சிலரும் சேர்ந்தார்கள். செரோக்கி மன்றம் கேப்டன் ஜான் ட்ரூ தலைமையில் நூறு பேரை அனுப்பியது. ட்ரூவும் கோட்டைப் பகுதியின் முதல் குடும்பங்களைச் சேர்ந்தவர்; வணிகர், உப்பு காய்ச்சியவர், கண்ணீர்த் தடத்தில் கடைசிக் கூட்டத்தை அழைத்து வந்தவர். ரெட் ஆற்றை நெருங்கும் வேளையில் ஓடியவர்களை அவர் பிடித்துவிட்டார். வான் தன்னிடம் திரும்பியவர்களில் பலரைத் தன் நீராவிப் படகு ‘லூசி வாக்கர்’ மேல் வேலைக்குப் போட்டார். 1844 அக்டோபரில் அந்தப் படகு ஓஹையோ ஆற்றில் கொதிகலன் வெடித்துச் சிதறியது; வானும் அதில் செத்தார். 1930களில் அரசு ஆட்கள் ஃபோர்ட் கிப்சன் பகுதியில் முன்னாள் அடிமைகளைத் தேடிப் பேட்டி எடுத்தபோது, அந்த ஓட்டத்தையும் அந்தப் படகையும் கிழவிகள் நினைவு வைத்திருந்து சொன்னார்கள்.

கோட்டைக்கும் செரோக்கி அரசுக்கும் ஓயாத தகராறு ஒன்று இருந்தது. சிப்பாய் இருக்கும் இடத்தில் சாராயம், சூது, மற்றதெல்லாம் வந்து சேரும். கோட்டையை எடுத்துவிடுங்கள் என்று செரோக்கி மன்றம் திரும்பத் திரும்ப எழுதியது. 1857இல் ராணுவம் ஒருவழியாகக் காலி செய்தது. ஒப்பந்தப்படி நிலம் திரும்பியது. அந்த நவம்பரிலேயே செரோக்கி மன்றம் அங்கே கீடூவா என்ற பெயரில் ஊர் அமைத்து, மனை பிரித்து விற்றது. விற்றது என்றால் நம் ஊர்ப் பத்திரப் பதிவு அல்ல. மண் நாட்டுக்குப் பொது. அதில் கட்டும் வீடும் வெட்டும் கிணறும் போடும் வேலியும் கட்டியவருக்கு. வயலுக்கும் அப்படியே: எவ்வளவு வேண்டுமானாலும் உழலாம், பக்கத்துக் குடும்பத்தின் வேலிக்குக் கால் மைலுக்குள் வரக்கூடாது. செரோக்கி குடிமக்கள் மட்டுமே மனை எடுக்கலாம்.

நான்கே ஆண்டில் உள்நாட்டுப் போர் வந்து ஊரைத் தின்றது. 1863 ஏப்ரலில் வடக்குப் படை கோட்டையை மறுபடி பிடித்தது. அந்த ஜூலையில் ஹனி ஸ்ப்ரிங்ஸ் போரில் கறுப்பர், பழங்குடியினர், வெள்ளையர் ஒரே அணியில் நின்று வென்றார்கள். கோட்டையைச் சுற்றி அகதிகள் ஆயிரக்கணக்கில் கூடாரமடித்தார்கள். பயிர் செய்ய வெளியே போனால் தெற்கு அணியின் செரோக்கித் தளபதி ஸ்டாண்ட் வாட்டியின் குதிரைப்படை. 1864 ஜூனில் கோட்டைக்குச் சரக்கேற்றி வந்த ‘ஜே. ஆர். வில்லியம்ஸ்’ படகையே அவர் மடக்கினார்.

இதற்கிடையே 1863 பிப்ரவரியில், வடக்கை ஆதரித்த செரோக்கி மன்றம் அடிமை முறையை ஒழித்தது. 1866 ஒப்பந்தத்தின் 9ஆம் பிரிவு விடுதலை பெற்றவர்களுக்கும் அவர்கள் சந்ததிக்கும் செரோக்கிகளுக்குள்ள உரிமைகள் அத்தனையும் உண்டு என்றது. கூடவே ஒரு கொக்கி: போரில் வெளியே சிதறியவர்கள் ஆறு மாதத்துக்குள் திரும்பியிருக்க வேண்டும். டெக்சாசுக்கு இழுத்துச் செல்லப்பட்டவருக்கு அந்தச் செய்தி எட்டவே ஆறு மாதம் போதாது. தாமதமாக நடந்து வந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக வெளியாள் என்ற பெயரோடு வாழ்ந்தார்கள்.

போருக்குப் பிந்தைய ஊரின் பெரிய மனிதர் வில்லியம் பாட்டர் ராஸ். தலைவர் ஜான் ராஸின் சகோதரி மகன். 1842இல் பிரின்ஸ்டனில் முதல் மாணவராகத் தேறி, ‘செரோக்கி அட்வகேட்’ இதழின் முதல் ஆசிரியராகி, இருமுறை தலைவர் பதவியில் இருந்தவர். கோட்டையருகே கடையும் நடத்தினார். நாட்டுத் தலைவரே கல்லாவில் உட்காரும் ஊர் அது. 1891இல் இங்கேயே காலமானார். அவர் மனைவி மேரி ஜேன், இன்னொரு ராஸ் வீட்டுப் பெண், கணவரின் உரைகளைத் திரட்டி 1893இல் நூலாக்கினார்.

1872இல் ரயில் வந்தது. ஆனால் ஆற்றுக்கு அப்பால் மஸ்கோகி வழியாகப் போனது. வியாபாரமும் அதோடு போனது. ஃபோர்ட் கிப்சனுக்குத் தண்டவாளம் வர 1888 ஆனது. இரண்டே ஆண்டில், 1890இல், ராணுவம் கடைசியாகக் கோட்டையை மூடியது. ரயிலோடு வெள்ளையர் வெள்ளமாக வந்தார்கள். அனுமதிச் சீட்டில் கூலிக்கு வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. செரோக்கிப் பெண்ணை மணப்பவர் உள்ளூர்க் குமாஸ்தாவிடம் உரிமம் வாங்கி, கட்டணம் கட்டி, நன்னடத்தைக்குச் செரோக்கி குடிமக்கள் சிலரிடம் கையெழுத்தும் பெற வேண்டும். நிலத்துக்காகவே மணமுடிக்கிறார்கள் என்ற புகார் எழுந்ததால் விதி இறுகிக்கொண்டே போனது. 1875 நவம்பருக்குப் பின் மணந்த வெள்ளையருக்குப் பொது நிலத்தில் பங்கில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1906இல் தீர்ப்பளித்தது. விண்ணப்பித்த ஆயிரக்கணக்கானோரில் இறுதிப் பட்டியலில் ஏறிய ‘மணவழி வெள்ளையர்’ 286 பேர்தான்.

அந்தப் பட்டியலைத் தயாரித்தது டாஸ் ஆணையம். பொது நிலத்தைத் துண்டு துண்டாக ஆளுக்குப் பிரித்து, செரோக்கி அரசைக் கலைத்து, 1907 நவம்பரில் ஓக்லஹோமாவை மாநிலமாக்குவதற்கான ஏற்பாடு அது. எழுத்தர்கள் மேசை போட்டு உட்கார்ந்து குடும்பங்களை வரிசையில் நிறுத்தினார்கள். ரத்தவழிச் செரோக்கி ஒரு புத்தகம், விடுதலையானோர் ஒரு புத்தகம், மணவழி வெள்ளையர் ஒரு புத்தகம். 38 ஆண்டுகள் நாட்டை ஆண்ட ஜான் ராஸிடம் இருந்தது எட்டில் ஒரு பங்கு செரோக்கி ரத்தம். அப்படிப்பட்டவர்களின் வழியினர் முதல் புத்தகத்தில் ஏறினார்கள். செரோக்கித் தகப்பனோ பாட்டனோ இருந்தும் தோல் கறுத்தவர்கள் பலரை எழுத்தர் இரண்டாம் புத்தகத்தில் போட்டார். அதில் ரத்த விகிதத்துக்குக் கட்டமே கிடையாது.

அந்தக் கட்டம் இல்லாததைக் காட்டி, 1980களில் விடுதலையானோர் சந்ததியின் வாக்குரிமை மறுக்கப்பட்டது. 2007இல் செரோக்கி நாடு வாக்கெடுப்பு நடத்திக் குடியுரிமைக்கு ரத்த உறவு கட்டாயம் என்று அரசியல் சட்டத்தையே திருத்தியது. வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. 2017 ஆகஸ்டில் வாஷிங்டன் நீதிமன்றம் 1866 ஒப்பந்தத்தின் 9ஆம் பிரிவை எடுத்து வைத்து, இவர்கள் குடிமக்களே என்றது. மேல்முறையீடு செய்வதில்லை என்று செரோக்கி அரசு முடிவெடுத்தது. 2021 பிப்ரவரியில் செரோக்கி உச்ச நீதிமன்றம் ‘ரத்தத்தால்’ என்ற நிபந்தனையைத் தன் சட்டங்களிலிருந்து நீக்க உத்தரவிட்டது. விடுதலையானோர் சந்ததியின் சங்கத்தை வழிநடத்தி இந்தச் சட்டப் போராட்டத்தில் முன்னின்றவர் மேரிலின் வான். வெப்பர்ஸ் ஃபால்ஸ் பண்ணையின் அந்தக் குடும்பப் பெயரேதான். அதே 2021இல் செரோக்கி அரசின் சுற்றுச்சூழல் ஆணையத்துக்கு அவர் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். அந்தச் சமூகத்திலிருந்து அப்படியொரு அரசுப் பொறுப்புக்கு வந்த முதல் ஆள் அவர்.